அழையாத கண்காணி

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்வோமானால், உப்பளங்களைக் கடந்ததும் கோவளம் என்னும் கடற்கரை ஊரை அடையலாம். இன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் 1808ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற கார்மேல் மாதா ஆலயம் இருக்கிறது. தமீம் அன்சாரி அவர்களின் தர்கா இருக்கிறது. இந்துக்கள் வழிபடும் கோயில்களும் இருக்கின்றன. மணியோசையும் பாங்கோசையும் ஒரே காற்றில் கலந்து வரும் அவ்வூருக்குச் சென்று வருகின்றவர்கள், "சமய ஒற்றுமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டன்றோ!" என்று வியந்து பேசுகின்றனர். வியப்பு நியாயமானதே. ஆனால், அந்த ஒற்றுமை நாள்தோறும் எதனால் நடைபெறுகிறது என்று அவர்கள் கேட்பதில்லை.

நான் கேட்டதுண்டு. கரையில் அமர்ந்து வலையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் கேட்டேன். அவருடைய கையும் நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. "அவங்க வீட்டுக் கதவை நாங்க தள்ளிப் பார்க்கிறதில்லை, சார். கூப்பிட்டாப் போவோம். அவங்களும் அப்படித்தான்" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நினைத்திருப்பார்.

பிறர் வீட்டுக் கதவைத் தள்ளிப் பாராதிருத்தல் என்னும் இந்தப் பழக்கத்தைப் பற்றிக் கிறிஸ்தவத் திருமறை என்ன சொல்கிறது என்பதை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். பலருக்கு இது புதுமையாகத் தோன்றலாம். கிறிஸ்தவம் என்றால் பிறர்க்கு உதவு, நோயாளியைப் பார், சிறையிலிருப்பவனைச் சந்தி என்று போதிக்கும் சமயம். அதிலே 'தலையிடாதே' என்ற பேச்சுக்கு இடமேது என்று கேட்கக்கூடும். இடம் உண்டு. மிகக் கடுமையான இடமே உண்டு.

பேதுரு எழுதிய முதல் நிருபத்தை எடுத்துக்கொள்வோம். அது பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்னும் நாடுகளில் சிதறிக் கிடந்த சின்னஞ்சிறு கிறிஸ்தவக் கூட்டங்களுக்கு எழுதப்பட்டது. இந்நாடுகள் எல்லாம் இன்றைய துருக்கி நாட்டில் அடங்கும். அம்மக்கள் ஊராரின் ஏச்சுக்கும் இகழ்ச்சிக்கும் ஆளாகியிருந்தார்கள். நான்காம் அதிகாரத்தில் பேதுரு அவர்களுக்குச் சொல்லும் அறிவுரை இது: கிறிஸ்தவனாயிருப்பதற்காகத் துன்பம் வந்தால் வெட்கப்பட வேண்டா, ஆனால், நான்கு வகையான மனிதர்களுள் ஒருவனாயிருந்து துன்பத்தைத் தேடிக்கொள்ளாதே. யார் அந்த நால்வர்? கொலை செய்பவன், திருடுபவன், தீமை செய்பவன், நான்காவதாகப் பிறர் காரியத்தில் தலையிடுபவன்!

பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் குற்றங்களையும் தண்டனைகளையும் பதிவேட்டில் எழுதியவன் நான். கொலையையும் வம்பையும் ஒரே வரியில் எழுத எனக்குத் தோன்றியதேயில்லை. பேதுருவுக்குத் தோன்றியிருக்கிறது. ஏன்?

விடை அவர் ஆண்ட சொல்லிலேயே இருக்கிறது. மூல மொழியாகிய கிரேக்கத்தில் அச்சொல் 'அல்லோட்ரியெபிஸ்கொபோஸ்' என்பது. வாய்க்குள் அடங்காத நீண்ட சொல். புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான் வருகிறது. அதன் நுண்பொருளைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அதன் உறுப்புகள் தெளிவானவை. 'அல்லோட்ரியோஸ்' என்றால் பிறனுக்கு உரியது. 'எபிஸ்கொபோஸ்' என்றால் மேற்பார்வை செய்பவன். பிற்காலத்தில் திருச்சபையின் பேராயருக்கு வழங்கிய பட்டமும் இந்த எபிஸ்கொபோஸ் என்பதே. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்த முன்னோர், அதைக் 'கண்காணி' என்று அழகாகத் தமிழாக்கினர்.

ஆக, தலையிடுபவன் யார்? தனக்கு உரிமையில்லாத இடத்துக்குத் தன்னைத்தானே கண்காணியாக நியமித்துக்கொண்டவன். கண்காணி என்ற சொல் பேச்சு வழக்கில் கங்காணி ஆயிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு உழைக்கச் சென்ற நம் மக்களுக்குக் கங்காணி என்றால் யாரென்று விளக்க வேண்டியதில்லை. ஊரிலே ஆள் சேர்ப்பவன் அவன். முன்பணம் கொடுத்துக் கடனாளியாக்குபவன் அவன். விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஓட்டுபவனும் அவன். ஆனால், அந்தக் கங்காணிக்காவது ஒரு துரை வேலை கொடுத்திருந்தார். பேதுரு சொல்லும் கண்காணிக்கு வேலை கொடுத்தவர் ஒருவருமில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தின் இறுதியில் பேதுரு மற்றொருவரைக் கண்காணி என்று அழைக்கிறார். மனித ஆன்மாக்களுக்கு மேய்ப்பரும் கண்காணியும் கிறிஸ்துவே என்பது அவர் வாக்கின் கருத்து. இரண்டு இடங்களையும் சேர்த்துப் படித்தால் கடுமையின் காரணம் விளங்குகிறது. அடுத்த வீட்டான் மனத்தின் உட்புறத்தைப் பார்க்கும் பதவி ஒன்று உண்டு. அதில் ஏற்கனவே ஒருவர் அமர்ந்திருக்கிறார். வம்பன் அந்த நாற்காலியில் போய் உட்காருகிறான். திருடன் பொருளை எடுக்கிறான். இவன் பதவியை எடுக்கிறான்.

பவுல் அடிகளும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். தெசலோனிக்கே என்பதும் கோவளத்தைப்போலக் கடலோரத்து ஊர்தான். ஆனால், பெரிய துறைமுக நகரம். அங்கிருந்த விசுவாசிகளுள் சிலர் கைவேலையை விட்டுவிட்டு வீடுவீடாகத் திரியத் தொடங்கினர் போலும். கூடாரத் தொழில் செய்து தம் கையால் உண்ட பவுலுக்கு அது பொறுக்கவில்லை. அமைதியாய் வாழ்வதைப் பெருமையாகக் கருதுங்கள், சொந்த அலுவலைப் பாருங்கள், கையால் உழையுங்கள் என்ற கருத்தை முதல் நிருபத்தில் எழுதினார். இரண்டாம் நிருபத்தில் ஒரு சிலேடையே செய்துவிட்டார். கிரேக்கத்தில் 'எர்கட்ஸோமை' என்றால் வேலை செய்தல். அதற்கு முன்னால் 'சுற்றி' என்னும் பொருள் தரும் 'பெரி' என்ற அடையைச் சேர்த்தால், வேண்டாத காரியத்தில் மூக்கை நுழைத்தல் என்று பொருளாகும். அவர்கள் வேலை செய்வதில்லை, வேலையைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்பதுபோல ஒரு நையாண்டி! பவுல் அடிகள் நகைச்சுவை அறியாதவர் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைப் படிக்கவேண்டும்.

வீடுவீடாகச் சென்று வம்பளப்பதைப் பற்றித் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் இளம் விதவைகளைக் குறித்து ஒரு வாக்கியம் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு, வம்பு பெண்களுக்கே உரியது என்று சிரிக்கும் ஆடவர் பலரை நான் அறிவேன். அவர்கள் அந்தச் சிரிப்பைச் சிரிப்பது பெரும்பாலும் தேநீர்க் கடைப் பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டுதான். இப்பொழுது பெஞ்சியும் தேவையில்லை. கைப்பேசியிலே வாட்ஸப் குழு ஒன்று இருந்தால், எழுந்து போகாமலே நூறு வீட்டுக் கதவுகளைத் தள்ளிப் பார்த்துவிடலாம்.

இயேசு பெருமான் இவ்வகையில் எப்படி நடந்துகொண்டார்? இரண்டு நிகழ்ச்சிகள் நினைவுக்கு வருகின்றன. லூக்கா நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில், கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து, தன் அண்ணனோ தம்பியோ பூர்விகச் சொத்தில் பங்கு தர மறுப்பதாக முறையிடுகிறான். பெருமானைப்போல நியாயம் தீர்க்கத் தகுதியுடையவர் வேறு யார்? அவரோ, உங்களுக்குப் பாகம் பிரிப்பவனாக என்னை ஏற்படுத்தியவன் யார் என்று கேட்டுவிட்டுப் பொருளாசையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார். பாகப்பிரிவினைக்குள் அவர் நுழையவேயில்லை. அழைப்பு ஒருவனிடமிருந்து மட்டும் வந்தது, மற்றவன் அழைக்கவில்லை. இதை நான் பல முறை படித்துப் பல முறை மறந்திருக்கிறேன்.

இரண்டாவது நிகழ்ச்சி யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு கடற்கரைக் காட்சிதான். இரவெல்லாம் வலை வீசிய சீடர்கள் கரையில் அமர்ந்து உணவருந்துகிறார்கள். பேதுருவின் முடிவு எத்தகையது என்பதைப் பெருமான் குறிப்பாகச் சொல்லுகிறார். உடனே பேதுரு திரும்பிப் பார்த்து, பின்னால் வரும் யோவானின் கதி என்ன என்று கேட்கிறார். அதனால் உனக்கு என்ன, நீ என்னைப் பின்பற்றி வா என்ற பொருளில் மறுமொழி வருகிறது. கொலைகாரனுக்கு அடுத்தபடியாகத் தலையிடுபவனை வைத்து எழுதிய பேதுரு, அதே குற்றத்துக்காக ஒருநாள் காலையில் கடற்கரையிலே கண்டிக்கப்பட்டவர்! நிருபத்தில் அச்சொல்லை எழுதும்போது அந்தக் காலைநேரம் அவர் நினைவுக்கு வந்திருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

மீண்டும் கோவளத்துக்கு வருவோம். தலையீடு என்பது எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதற்கு அவ்வூர் மண்ணிலேயே சான்று கிடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில், ஆர்க்காட்டு நவாபாக இருந்த அன்வருத்தீன் கோவளத்தில் ஒரு கோட்டை கட்டினார். சதத் பந்தர் என்று அதற்குப் பெயர். 1749இல் ஆம்பூர்ப் போரில் அவர் இறந்தார். நவாபுப் பட்டம் யாருக்கு என்பதில் அவர் மகன் முகம்மது அலிக்கும், பழைய நவாபு ஒருவரின் மருமகன் சந்தா சாகிபுக்கும் வழக்கு. அது அந்த இரு குடும்பத்தாரின் வழக்கு. பிரெஞ்சுக் கம்பெனி ஒருவருக்குத் துணையாக வந்தது. ஆங்கிலக் கம்பெனி மற்றவருக்குத் துணையாக வந்தது. இரண்டு கம்பெனிக்காரரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேதுருவின் நிருபத்தைக் கேட்கிறவர்கள்தாம்.

1750இல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளத்துக்கு நேரே வந்து நின்றது. மாலுமிகள் நோயால் சாகக் கிடக்கிறார்கள், கரையில் இடம் கொடுங்கள் என்று கெஞ்சியது. கோட்டைத் தலைவர் நம்பி இடம் கொடுத்தார். இரவிலே நோயாளிகள் எழுந்து ஆயுதம் எடுத்துக் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1752இல், இராபர்ட் கிளைவ் அதை ஆங்கிலேயருக்காகத் திரும்பப் பிடித்தார். அவருடன் வந்த புதுப் படைவீரர்கள் முதல் குண்டு விழுந்ததும் ஓடிவிட்டதாகவும், அவர்களுள் ஒருவன் ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுக்கப்பட்டதாகவும் மெக்காலே எழுதியிருக்கிறார். பின்னர்க் கோட்டை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த இடத்தில் இன்று ஒரு கடற்கரை விடுதி நிற்கிறது.

சந்தா சாகிபு அதே 1752இல் கொல்லப்பட்டார். வென்றவரென்று சொல்லப்படும் முகம்மது அலி, உதவிக்கு வந்தவர்களின் படைச் செலவுக்காகப் பட்ட கடனிலிருந்து வாழ்நாள் முழுதும் மீளவில்லை. 1801இல் கருநாடக ஆட்சி முழுவதையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1855இல் நவாபு என்ற பட்டமும் போயிற்று. உதவி என்று உள்ளே வந்தவர் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

நாடுகளின் கதை இவ்வாறு இருக்க, நாக்குகளின் கதையும் ஒன்று உண்டு. கோவளத்து ஆலயத்தைக் கட்டுவித்தவர் ஜான் டி மான்ட்டி என்னும் போர்த்துகீசிய வணிகர் என்பர். சென்னையில் பெருஞ்செல்வம் சேர்த்து, அதை மயிலாப்பூர் மறைமாவட்டத்தின் வழியாக அறப்பணிகளுக்கு விட்டுச் சென்றவர் அவர். ஆனால், சென்னையில் அவர் பெயரைச் சொன்னால் மக்களுக்கு நினைவு வருவது அந்த அறம் அன்று. ஆழ்வார்ப்பேட்டையில் அவர் பெயரால் வழங்கிய குடியிருப்பில் பேய் உலவுகிறதாம் என்ற கதைதான்! 2015இல் அதைத் திரைப்படமாகவே எடுத்துவிட்டார்கள். இறந்து இரு நூற்றாண்டு ஆன பின்னும் ஒரு மனிதரின் வீட்டுக் கதவை நாம் தள்ளிப் பார்ப்பது நிற்கவில்லை.

பிறரைச் சொல்லி வந்த நான் என்னையும் சொல்லவேண்டும். 1995ஆம் ஆண்டு. ஒரு கடற்கரைக் குப்பத்து நடுநிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியனாகச் சென்றிருந்தேன். முப்பத்தாறு வயது, புதிய பதவி. ஏழாம் வகுப்பிலே ஒரு பையன். கணக்கிலே கெட்டிக்காரன். திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். தகப்பனோடு கட்டுமரத்தில் ஏறிக் கடலுக்குப் போகிறான் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, வீட்டுக்குச் சென்று பெற்றோரைக் கண்டு பேசவேண்டும் என்பது. நல்ல பாடந்தான். மாலையில் சென்றேன்.

சென்ற காரணத்தில் குற்றமில்லை. இன்றும் அப்படியே நினைக்கிறேன். சென்ற விதத்தைச் சொல்லுகிறேன். தகப்பன் வாசலில் அமர்ந்திருந்தான். உள்ளே வாருங்கள் என்று அழைத்தான். நான் நுழையவில்லை. தெருவிலேயே நின்றுகொண்டு, நாலு பேர் காதிலும் விழட்டும் என்றே உரக்கப் பேசினேன். நாலு பேர் கேட்டால் வெட்கப்பட்டாவது பையனை அனுப்புவான் என்பது என் கணக்கு. அவன் தலை குனிந்திருந்தான். என் குரல் உயர்ந்தது. "உனக்குக் கண் இருக்கிறதா, இல்லையா? பிள்ளையின் எதிர்காலம் தெரியவில்லையா?" என்று கேட்டேன். அப்போதுதான் அவன் மனைவி வாசலுக்கு ஓடி வந்தாள். "கண்ணுதான் தெரியலையே சார்! அதுக்குத்தானே புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறாரு!" என்று அழுதுவிட்டாள்.

தெரு முழுவதும் அமைதியாயிற்று.

அவனுக்குப் பார்வை மங்கி ஓராண்டு ஆகியிருந்தது. பொழுது சாய்ந்தால் கரையின் விளக்கு தெரியாது. கூட வரும் ஆட்களுக்கு அது தெரிந்தால் மரத்தில் ஏற்றமாட்டார்கள். ஏற்றாவிட்டால் பங்கு இல்லை. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மகன் கண்ணால் பார்த்து, தன் கையால் தொழில் செய்து வந்திருக்கிறான். வீட்டிலே மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த அந்த மறைபொருளை, நான் தெருவில் நின்று ஊருக்கே அறிவிக்கச் செய்துவிட்டேன். மறு வாரமே அவனைக் கடலுக்கு அழைத்துச் செல்ல ஆளில்லாமற் போயிற்று. அவர்களையும் குறை கூறுவதற்கில்லை. கடலில் நால்வர் உயிரும் ஒருவர் கண்ணை நம்பியிருக்கிறது. பையன் வேறொரு மரத்தில் கூலிக்கு ஏறினான். பள்ளிக்கு வரவேயில்லை.

அன்று நான் உள்ளே சென்று பாயில் உட்கார்ந்து, "என்னப்பா செய்தி?" என்று மெல்லக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருகால் சொல்லியிருப்பான், சொல்லாமலும் இருந்திருப்பான். சொல்லியிருந்தால், எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனை பேருந்துத் தொலைவில் இருந்தது. 1819இல் தொடங்கிய மருத்துவமனை அது. காசில்லாமல் கண்புரையை எடுக்கும் இடம். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு கண் முகாமில் அவனுக்குப் புரை நீக்கப்பட்டது. பார்வையும் ஓரளவு திரும்பிற்று. மரத்தில் இடந்தான் திரும்பவில்லை. அவன் வலை செப்பனிடுபவனாகவே இருந்துவிட்டான்.

இதை வைத்துக்கொண்டு, யார் எக்கேடு கெட்டாலும் நமக்கென்ன என்று இருந்துவிடலாம் என்று எவரும் கருதவேண்டா. நல்ல சமாரியன் கதையில் அடிபட்டுக் கிடந்தவனைப் பாராமல் போன இருவரும், பிறர் காரியத்தில் தலையிடக் கூடாது என்றே தமக்குச் சமாதானம் சொல்லியிருப்பார்கள். சமாரியன் நின்றான். ஆனால், அவன் என்னென்ன செய்தான் என்பதோடு என்னென்ன செய்யவில்லை என்பதையும் பாருங்கள். தனியாக ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கையில் எவ்வளவு வைத்திருந்தாய், உன் குலம் எது, கோத்திரம் எது என்று கேட்கவில்லை. காயத்தைக் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். அடிபட்டவனுக்கு அவன் பெயராவது தெரியுமோ, தெரியாதோ!

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் இதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவேண்டும் என்ற கருத்தும், அவரவர் பாரத்தை அவரவரே சுமக்கவேண்டும் என்ற கருத்தும் அங்கே சில வரிகளுக்குள் வருகின்றன. முரண்போலத் தோன்றும். தமிழில் இரண்டிடத்திலும் பாரம் என்றே இருப்பதால் குழப்பம் மிகுதி. கிரேக்கத்தில் இரண்டும் வேறு சொற்கள். முதலாவது 'பாரோஸ்': நசுக்கும் பளு. இரண்டாவது 'போர்த்தியோன்': வழிநடப்பவன் தோளில் மாட்டிய அவனுடைய மூட்டை, கப்பலேற்றும் சரக்குக்கும் அச்சொல் ஆளப்படும். பளுவுக்கு அடியில் அகப்பட்டவனைக் கண்டால் ஓடிப்போய்த் தூக்கவேண்டும். அவன் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்ப்பது நம் வேலையன்று. நான் தூக்கப் போய் அவிழ்த்துவிட்டு வந்தவன்.

பளு எது, மூட்டை எது என்று தெரியாமல் தயங்கவேண்டிய இடங்களும் உண்டு. பக்கத்து வீட்டில் ஒரு பெண் அடிபடும் ஒலி கேட்கிறது. அது குடும்ப விஷயம் என்று கதவைச் சாத்திக்கொள்ளலாமா? கூடாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அப்படிப்பட்ட செய்தியை யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம் என்கிறது; நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்கு வராது என்றும் சொல்கிறது. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களைப் பற்றிய 2012ஆம் ஆண்டுச் சட்டமோ, தெரிந்தவர் தெரிவித்தே ஆகவேண்டும் என்று கட்டளையிடுகிறது. குழந்தைக்கு ஆபத்தென்றால் 1098 என்ற எண் இருக்கிறது. இங்கெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பவன் அமைதியானவன் அல்லன். சமாரியனுக்கு முன்னே அவ்வழி போன இருவரோடு மூன்றாமவன். ஆனால், இங்கேயும் ஒரு வேறுபாட்டைப் பார்க்கலாம். சட்டம் சொல்வது உரிய அலுவலரிடம் தெரிவிக்கச் சொல்லித்தான்; தெருவில் நின்று தீர்ப்புக் கூறச் சொல்லி அன்று. ஒருவரிடம் சொல்வது உதவி. ஒன்பது பேரிடம் சொல்வதற்கு வேறு பெயர் இருக்கிறது.

பிறர் வழக்கில் தலையிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கிறிஸ்தவரும் நம் நாட்டில் வாழ்ந்திருக்கிறார். முதல் தமிழ் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதிய வேதநாயகம் பிள்ளையைத்தான் குறிப்பிடுகிறேன். கத்தோலிக்கர், மாயூரத்தில் முன்சீப்பு. வழக்கைக் கேட்டுத் தீர்க்க அரசாங்கம் அவரை நியமித்திருந்தது. ஆகவே கேட்டார், தீர்த்தார். ஆனால், மக்கள் யாரை வணங்குகிறார்கள் என்பதைத் தீர்க்க அவரை யாரும் நியமிக்கவில்லை. அதிலே அவர் நீதிபதியாக அமரவில்லை. எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். 1870களின் கடும் பஞ்சத்தில் அவர் தம் பொருளைக் கொடுத்து ஏழைகளுக்கு உணவளித்ததைக் கண்டு, சிவபத்தரான கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். நந்தனார் சரித்திரம் பாடிய வாய் ஒரு கிறிஸ்தவரைப் பாடிற்று! பசித்து வந்தவரின் சமயத்தைக் கேட்டுவிட்டுச் சோறு போட்டிருந்தால் அந்தப் பாட்டு பிறந்திராது.

எல்லாரோடும் சமாதானமாயிருக்கவேண்டும் என்று உரோமருக்கு எழுதும்போது, பவுல் அடிகள் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கிறார். கூடுமானால் என்பது ஒன்று. உங்களால் இயன்ற அளவு என்பது மற்றொன்று. சமாதானத்தில் பாதி மற்றவர் கையில் இருக்கிறது என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார். அந்தப் பாதியையும் நாமே பிடுங்கிக்கொண்டு, "நீ இன்றைக்கே என்னோடு ராசியாகு" என்று வற்புறுத்துவதும் ஒரு தலையீடுதான். நான் அதையும் செய்து பார்த்திருக்கிறேன். அந்தத் தெருச் சம்பவத்துக்கு ஒரு மாதத்துக்குப்பின் மன்னிப்புக் கேட்கச் சென்றேன். அவன் மனைவி, அவர் தூங்குகிறார் என்றாள். விழித்துக்கொண்டுதான் இருந்தான், பாயின் ஓரம் தெரிந்தது. காத்திருக்கிறேன் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்றாள். இருட்டும்வரை உட்கார்ந்திருந்து திரும்பினேன். அன்று உட்கார்ந்தது அவனுக்காகவா, எனக்காகவா என்று இப்பொழுது கேட்டால் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

பல ஆண்டுகள் சென்றன. நான் ஓய்வு பெறவிருந்த காலத்தில், ஒருநாள் காலை அந்தப் பையன் என் வீட்டைத் தேடி வந்தான். பையன் என்று சொல்வது பழக்கத்தால். முப்பது வயதைத் தாண்டிவிட்டவன், படகு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருந்தான். தகப்பன் நலமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். அவனே சொன்னான்: நன்றாக இருக்கிறாராம், கரையில் வலை வேலை பார்க்கிறாராம்.

வந்த காரியம் வேறு. அவன் மகளை மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பில் சேர்க்கவேண்டும். இடமில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"நீங்க கூட வந்தாப் போதும், சார்" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "பேச வேண்டியதை நானே பேசிக்கிறேன்" என்றான்.

சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். அலுவலக அறையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவன் பேசினான், நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் குழந்தை என் பக்கத்தில் நின்றுகொண்டு, சுவரில் எழுதியிருந்த வாய்பாட்டை உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தாள். பதினேழாம் வாய்பாட்டில் ஓரிடத்தில் தவறாகச் சொன்னாள். நான் திருத்தவில்லை. இரண்டாம் முறை அவளே திருத்திக்கொண்டாள்.